சிவப்புக் கோட்டில் நான்கு நாள்

பக்கத்து வீட்டில் தளம் போடுகிறார்கள். ஈரச் சிமெண்டு வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, சார். எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், என் மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்த ஐப்பசி. மார்க்கையன்கோட்டைப் பக்கம் வாய்க்கால் பாலம். நீங்கள் இன்ஜினியர், நான் மேஸ்திரி. எனக்குக் கீழே எட்டுப் பேர். தகரக் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்து காட்டுவீர்கள். நடக்க வேண்டிய வேலை ஒரு கோடு. நடந்த வேலை அதன் கீழே இன்னொரு கோடு. பிந்தினால் சிவப்பு. அது எனக்கும் புரிந்தது.

பாலம் இருபத்து மூன்று நாள் பிந்திவிட்டது. காரணம் கேட்டு மதுரை ஆபீசிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. "ஆளுக வரலைன்னு மொத்த நாளையும் போட்டு விடுங்க" என்றார் நம் சைட் மேனேஜர். அப்படிப் போட்டால் எங்களை அனுப்பிவிட்டு வெளியூர் ஆட்களை இறக்கிவிடுவார்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். "அண்ணே, எந்த நாளு எதுக்கு நின்னுச்சு? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

தேதி எனக்கு எங்கே தெரியும்? சந்தைக்கு மறுநாள் கம்பி லாரி வரவில்லை, அமாவாசைக்கு முந்தின நாள் வரைபடத்தை மாற்றினார்கள் என்று அடையாளம் வைத்துச் சொன்னேன். நீங்கள் காலண்டரைப் பார்த்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டே வந்தீர்கள்.

"கடைசி நாலு நாளு?"

"அதுவும் கம்பி வரலை சார்."

"ஏண்ணே, நாலு நாளும் கம்பிக் கட்டு மேல தனியா உக்காந்து டீ குடிச்சது நானா, என் ஆவியா?"

உண்மையைச் சொன்னேன். ராயப்பன்பட்டியில் புருஷனை இழந்த ஒருத்தியின் நெல் சாய்ந்து கிடந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. விட்டால் கதிரிலேயே முளைத்துவிடும். நான்தான் எட்டுப் பேரையும் அறுக்கக் கூட்டிப்போனேன்.

"எழுதிப்புடாதீக சார். எட்டுக் குடும்பம்."

"இதை மறைச்சா மத்த பத்தொம்பது நாளையும் எவன்ணே நம்புவான்?"

எழுதிவிட்டீர்கள்: நெல் அறுப்பு, நான்கு நாள், நம் ஆட்கள். "துரோகி" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மதுரைக்காரர் வந்து முழுவதையும் படித்தார். மேனேஜரைப் பார்த்து, "அறுக்கப் போனதையே ஒத்துக்கிட்டவுக, லாரி விசயத்துலயா பொய் சொல்லப் போறாக?" என்றார். எங்களில் ஒருவரையும் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு எந்த வேலை பிந்தினாலும் எங்கள் பக்கத்துப் பிழையைத்தான் முதலில் சொல்லிவந்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் உங்களிடம் திருப்பி வாங்காமலே இருந்துவிட்டேன்.

எட்டுப் பேரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். போன மாசியில் நீங்களும். அன்று நெல் அறுத்துக் கொடுத்தோமே, அவளைப் பார்க்க நேற்று ராயப்பன்பட்டிக்குப் போனேன். அவள் நெல்லால் எங்கள் பிழைப்பு போக இருந்த கதையை அவளிடம் சொன்னதே இல்லை. அவளுக்குக் காது மந்தம், உரக்கச் சொன்னேன். உங்களைத் திட்டியதையும் சொன்னேன்.

"நல்ல மனுசரைப் போயி அப்படிச் சொன்னீகளா?" என்று என்னை வைதுவிட்டு, உங்களுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த நாலு நாளை நினைத்துப் பார்க்க, என்னை விட்டால் இனி அந்த அருளாயி ஒருத்திதான் இருக்கிறாள்.