மாலையைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம்

தம்பி,

இன்று காலை மில்காரர் வீட்டிலிருந்து ஒரு சம்பங்கி மாலை வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறதாம், உன் படத்துக்குப் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இலையைப் பிரித்ததும் அதே பழைய வாசனை எழுந்தது. கொண்டுவந்த ஆள் தெரு திரும்புவதற்குள் அதை எடுத்துப்போய்ச் சாக்கடையோரக் குப்பையில் போட்டேன். அவன் பார்த்திருந்தாலும் போட்டிருப்பேன்.

ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டு முன்னறையில் நீ டிஸ்பென்சரி திறந்தபோது தெருவே திரண்டு வந்தது. நீ எல்.எம்.பி. டாக்டர் படிப்புத் தேறியவன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நீ சத்தம் போட்டுப் படித்த பாடங்களைக் கேட்டும், மருந்துப் பெட்டிகளில் வரும் துண்டுக் காகிதங்களை எழுத்துக் கூட்டியும் இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். வந்தவர்கள் யாரும் உன் படிப்பைக் கேட்கவில்லை. உன் கையைத்தான் கேட்டார்கள். "டாக்டர் கை பட்டாலே போதுங்க, பாதி காய்ச்சல் ஓடிடும்" என்றார்கள். கைராசி டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெற்றிலைக் கடைக்காரர் மகன் இறந்த நாளில் அந்தப் பெருமை போயிற்று. தொண்டைப் புண் என்று நினைத்து இரண்டு நாள் சிவப்பு மிக்சர் கொடுத்தாய். அது தொண்டை அடைப்பான், டிப்தீரியா. உள்ளே வெள்ளையாகப் படலம் கட்டியிருந்ததை நீ பார்த்தும் உனக்குச் சந்தேகம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. மறுநாள் அந்தத் தாய் நம் வாசலுக்கு வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நீ எழுந்து நின்றாய். அவளோ கையெடுத்துக் கும்பிட்டு, "உங்க கை பட்டும் நிக்கலைன்னா அவன் விதி அவ்வளவுதாங்க" என்றாள்.

அன்று நீ சாப்பிடவில்லை. "அவ என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்க்கா" என்றாய். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மெட்ராஸ்ல குழந்தை வியாதிக்குன்னு ஆறு மாசம் சொல்லிக் குடுக்கறாங்க. போயிட்டு வந்துடறேன்."

போயிட்டு வந்துடறேன் என்று எத்தனை வருஷம் சொன்னாய்! ஒரு வருஷம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், காலரா ஊசி போட ஆள் வேண்டும் என்று நின்றாய். அடுத்த முறை அடுத்த வீதி டாக்டர் வந்து, "நீங்க தாராளமா போங்க சார், உங்க பேஷண்ட்டை நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நீ பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாய். மாதம் ஒருமுறை திருச்சியில் டாக்டர்கள் கூடுவீர்களே, அங்கேயாவது ஏதாவது கற்றுக்கொள்வாய் என்று நினைத்தேன். திரும்பி வந்து யாருக்குக் கூட்டம் அதிகம், யார் கார் வாங்கினார் என்றுதான் சொன்னாய். போண்டா நன்றாக இருந்ததாம். புதுச் சங்கதி என்று உனக்குக் கிடைத்ததெல்லாம் மருந்துக் கம்பெனி ஆள் தோல்பையோடு வந்து ஒப்பித்துவிட்டுப் போனதுதான். தன் சரக்கை விற்க வந்தவனிடம் பாடம் கேட்டாய். எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்றே உன்னிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

கடைசியில் ஒரு வருஷம் உறுதியாகக் கிளம்பினாய். இடம் கிடைத்துவிட்டது, ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வாசலில் மாட்ட ஒரு கரும்பலகை வாங்கி வந்தாய். "வெளியூர் போயிருக்கிறார்னு எழுதிடுக்கா" என்றாய்.

"எதுக்கு? படிக்கப் போயிருக்கிறார்னே எழுதறேன்."

"வேணாம்க்கா. சிரிப்பாங்க."

அதற்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். "டாக்டர் பரீட்சையில தேறலையாமே, திரும்ப எழுதப் போறாராம்." "அப்போ இத்தனை நாளா நமக்குப் போட்ட ஊசியெல்லாம்?" "படிக்கப் போனா கைராசி போயிடும்டி, பாத்துக்கோ." நான் குடத்தை நங்கென்று வைத்தேன். வாயை மூடினார்கள், நான் திரும்பும்வரை.

மில்காரர் அவர்களைவிடக் கெட்டிக்காரர். மண்ணச்சநல்லூரில் அரிசி மில், ஸ்ரீரங்கத்தில் வீடு. அவர் அம்மாவுக்குத் தினமும் நீதான் போய் நாடி பார்க்க வேண்டும். நீ கிளம்பவிருந்த நாளுக்கு முதல்நாள் சாயங்காலம் உனக்குப் பாராட்டு விழா வைத்தார். பந்தல், நாயனம், மைக். "நம்ம டாக்டருக்குப் படிப்பு எதுக்குங்க? மெட்ராஸ்காரன் இவர்கிட்ட வந்து கத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. முழங்கால்வரை தொங்கும் சம்பங்கி மாலையை உன் கழுத்தில் போட்டார். "எங்களை விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டார். நீ தலையைக் குனிந்து, இல்லை என்று ஆட்டினாய்.

வீட்டுக்கு மாலையோடுதான் வந்தாய். கூடமெல்லாம் அந்த வாசனை. "இவ்வளவு பேர் சொல்றப்ப எப்படிக்கா போறது?"

"மாலையைக் கழட்டிட்டுப் போடா" என்றேன்.

நீ கழற்றவில்லை. சாப்பிட உட்காரும்வரை கழற்றவில்லை. உன்னை ஊர் தடுத்தது, அடுத்த வீதி டாக்டர் தடுத்தார், திருவிழா தடுத்தது என்று மற்றவர்கள் சொல்லட்டும். உனக்கு அந்த மாலை பிடித்திருந்தது. நான் ஊரை மன்னிக்காதது அந்த மாலையைப் போட்டதற்காக என்றால், உன்னை மன்னிக்காதது அதைக் கழற்றாததற்காக.

பிறகு நீ போகிறேன் என்று சொல்வதையும் விட்டுவிட்டாய். தபாலில் வந்த மருத்துவப் பத்திரிகைகள் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தன. மிக்சர் பாட்டில்களுக்கு அடியில் விரிக்க ஒன்றை எடுத்தாய். நான் பிடுங்கி வைத்தேன்.

பல வருஷம் கழித்து மில்காரர் பேரனுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல். செய்தி நமக்கும் வந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாய். அவர் கார் உன்னைத் தாண்டி, நிற்காமல், காவேரிப் பாலத்தைப் பார்த்துப் போயிற்று. திருச்சியில் புதிதாக வந்திருந்த குழந்தை டாக்டரிடம் காட்டினார்கள். பையன் பிழைத்தான், நல்லவேளை. மறுநாள் வந்து மில்காரர் கூசாமல் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு நீங்கதான். குழந்தைன்னா புதுசாப் படிச்சவங்க பாத்தா நல்லதுன்னு..."

நீ அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னாய். நான் போடவில்லை.

நீ இறந்தபோது அதே ஆள் இரங்கல் கூட்டத்தில் அதே மாதிரி பேசினார். கைராசியாம். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

உன் அறையை இப்போது ஒரு இளம் டாக்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதிகம் பேசமாட்டார். போன வாரம் வந்து, "மெட்ராஸ்ல ஒரு மாசம் பயிற்சிங்கம்மா. வெளியூர்னு போர்டு போட்டுடட்டுங்களா?" என்றார். நான் பரணிலிருந்து உன் கரும்பலகையை இறக்கினேன். சாக்பீஸால் நானே பெரிதாக எழுதி வாசலில் மாட்டினேன்: டாக்டர் படிக்கப் போயிருக்கிறார்.

இன்று சாயங்காலம் மில்காரரே வந்தார், தடியை ஊன்றிக்கொண்டு. உள்ளே எட்டிப் பார்த்துப் படத்தில் மாலை இல்லாததைக் கவனித்தார். பிறகு பலகையை இரண்டு தரம் படித்தார்.

"என்னம்மா இது? அப்போ இவருக்கும் ஒண்ணும் தெரியாதா?"

"ஆமாங்க. தெரியாததைக் கத்துக்கத்தான் போயிருக்காரு."

"மூச்சுத் திணறுதேம்மா எனக்கு. அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"உங்களுக்குத்தான் பாலம் தாண்டிப் போக வழி தெரியுமே" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே போனார். போகும்போது அவர் மேல்துண்டு உரசி, பலகையில் 'படிக்க' என்ற சொல் அழிந்துவிட்டது. சாக்பீஸை எடுத்து அதை மட்டும் மறுபடி எழுதினேன், முன்னைவிட அழுத்தமாக.