ஊசி தாவிய இடம்

இன்று காலை புடவைக்குக் குத்த ஊசி தேடி அலமாரியின் மேல்தட்டைத் துழாவியபோது கிராமபோன் ஊசி டப்பா கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். இரும்பு வாசனையோடு நீலகிரித் தைலத்தின் வாடையும் வந்தது. நெஞ்சுச் சளிக்காக நீ தடவிக்கொள்ளும் தைலம், நீ தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வாசனை தீர்ந்துவிடுமோ என்று சட்டென மூடினேன். என்ன அசட்டுத்தனம் என்று தோன்ற, மறுபடி திறந்தேன். நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் போகும் ரயில் போய்விட்டது.

தம்பி, இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்க நீ இல்லை என்ற தைரியம்தான்.

அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், வேர்க்கடலை மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகையை நீங்கள் நாலு பேர் பெருக்கித் துடைத்து கிளப் என்று பெயர் வைத்தபோது, நான் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவதாகத்தான் சொன்னேன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர் மார்ட்டின் துரை கார்னெட். அவருடைய மைத்துனர் டிராம்போன். பூந்தமல்லியில் குதிரைச் சேணம் தைத்து விற்கும் காதர் பாய் டிரம். நீ கிளாரினெட். நாலு பேரும் சேர்ந்து ஊதித் தட்டி முடித்ததும் நீ வியர்வையோடு என்னிடம் வந்தாய்.

"இன்னாக்கா, மூஞ்ச அப்படி வச்சிகினு கீற?"

"சண்டைக்கோழிகளை ஒரே கூடையில் அடைத்த மாதிரி இருக்கிறது."

"அதான்கா விசயம். ஊதற மூணு பேரும் ஒரே நேரத்துல பேசணும், ஆனா ஒருத்தன் பேச்ச ஒருத்தன் வெட்டக் கூடாது. நம்ம ஊட்டுல நடக்காதது இங்க நடக்குது பாரு."

"ஊடு இல்லை, வீடு."

"பாத்தியா, வெட்டிட்ட."

ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நீ பேசக் கற்றுக்கொண்ட தமிழ் அது. நான் திருத்துவேன் என்று தெரிந்தே என் முன்னால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசுவாய்.

உங்கள் கிளப்புக்கு ஒரே ஒரு கொள்கை. ஜாஸ் இசையை அது முதலில் எப்படி இருந்ததோ அப்படியே வாசிக்க வேண்டும். நகரத்து ஹோட்டல்களில் பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசிக்கும் புது நடன இசை வந்துவிட்டிருந்தது. அதை நீ காதில் வாங்க மாட்டாய். "பழசு பழசு என்கிறாயே, நான் கல்லூரியில் படிக்கச் சேர்ந்தபோது இந்தச் சங்கீதம் பிறந்திருக்குமா என்பதே சந்தேகம்" என்று கேட்டேன். "அதனால இன்னா? பொறந்த கொஞ்ச நாள்லயே அனாதையாயிட்ச்சி. எட்த்து வளக்கறோம்" என்றாய்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இசைத்தட்டுகள்தான் வாத்தியார். அவற்றில் நீங்கள் உயிரை வைத்திருந்தது ஒரு தட்டின்மேல். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது, சேணங்களோடு சேர்ந்து காதர் பாயிடம் வந்தது. நடுவில் ஒட்டியிருக்க வேண்டிய காகிதம் கிழிந்து போயிருந்ததால் பாட்டின் பெயர் தெரியாது, வாசித்தவன் பெயரும் தெரியாது. காதர் பாய் அதற்கு 'மொட்டை' என்று பெயர் வைத்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் மொட்டையை ஒரு தடவை சுழலவிட்டு, எல்லோரும் எழுந்து நின்று கேட்டுவிட்டுத்தான் வாத்தியங்களைக் கையில் எடுப்பீர்கள். ஜெபம் மாதிரி. ஊசியை வைக்கும் வேலை எனக்கு வந்தது. மார்ட்டின் துரைக்கு வயதான கை. உனக்கு அவசரக் கை. காதர் பாய் விரலெல்லாம் சேண நூலுக்குத் தடவும் மெழுகு. "டீச்சரம்மா வெக்கட்டும். எதுக்கும் அசையாத கை" என்றார் பாய். நீ என் காதருகில், "கை மட்டுமா?" என்றாய். ஒரு தடவை பார்க்க வந்தவள் அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. தட்டு கீறிவிடுமே என்பதற்காகத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

மொட்டையின் நடுவில் ஒரு தாவல் உண்டு. கிளாரினெட் அடியில் எங்கோ முனகிக்கொண்டே வந்து, மூச்சுவிட இடமே இல்லாமல், சடாரென்று உச்சிக்குப் போய் நிற்கும். அந்த ஒரு இடத்துக்காக நீ விடியற்காலையில் ஏரிக்கரையில் நின்று ஊதி ஊதி உதடு புண்ணாகி வருவாய். கடைசியில் கைவந்தது. வில்லிவாக்கத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் ஆட்கள் அதைக் கேட்பதற்கென்றே ரயிலேறி வந்தார்கள். அந்த இடம் நெருங்கும்போது கொட்டகையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். பட்டறையில் நீ நூற்றுக்கணக்கான பேரில் ஒருவன். அந்தத் தாவலில் நீ ஒருவன்தான். எனக்கு அது புரிந்தது. நான் பாராட்டிப் பேசுகிறவள் இல்லை, ஆனால் அந்த இடத்தில் என் மூச்சும் நிற்கும்.

இருமல் வந்ததும் அந்த வருஷங்களில்தான். பட்டறையின் இரும்புத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஊதுவதைக் குறைக்கச் சொன்னார். நீ தைலத்தை அதிகமாக்கினாய்.

யுத்தம் வந்தது. ஆவடியில் வயல்களையெல்லாம் எடுத்துக்கொண்டு ராணுவ முகாம் போட்டார்கள். ஒரு சனிக்கிழமை, அங்கே தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் சத்தம் கேட்டுக் கொட்டகைக்குள் வந்தான். ஒல்லியான கறுத்த பையன். இந்தச் சங்கீதம் பிறந்த பக்கத்துக்காரன் என்று தெரிந்ததும் மார்ட்டின் துரை தன் நாற்காலியையே அவனுக்குக் கொடுத்துவிட்டார். நீ அன்றுபோல் அதற்கு முன் வாசித்ததில்லை. அவன் கால் தாளம் போட்டுக்கொண்டே வந்தது. தாவல் வந்த இடத்தில் மட்டும் கால் தடுமாறி நின்றது. அதை நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய்.

முடிந்ததும் அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். இந்தப் பாட்டை எங்கள் ஊரில் கல்யாணத்திலும் வாசிப்பார்கள், சவ ஊர்வலத்திலும் வாசிப்பார்கள், ஆனால் நீங்கள் வாசிப்பதில் நடுவே ஒரு துண்டைக் காணோமே என்றான். தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகத்தால் ஓர் இடத்தைத் தடவிக் காட்டினான். மயிரிழைக் கீறல். ஊசி அங்கே வந்ததும் தட்டின் நாலைந்து சுற்று வரிகளைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷம் கரகரப்பும் சொடுக்குமாகத்தான் அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறோம். அதில் ஒரு சொடுக்கை மட்டும் யார் சந்தேகப்படுவார்கள்? தட்டே நெளிந்திருந்ததால் ஊசிக்கையும் எப்போதும் எகிறிக்கொண்டேதான் இருக்கும். விட்டுப்போன துண்டை அவன் முணுமுணுத்துக் காட்டினான். சின்னத் துண்டு. மார்ட்டின் துரை உடனே கார்னெட்டில் பிடித்துவிட்டார்.

முதலில் சிரித்தவன் நீதான். "இம்மாம் வருசமா ஒரு கீறலுக்குக் கச்சேரி பண்ணிகினு இருந்தோமா மாமே." எல்லோரும் சிரித்தார்கள். நீ கிளாரினெட்டைத் துடைக்காமலே பெட்டியில் வைத்ததை நான் கவனித்தேன். அதற்கு முன் ஒருநாளும் நீ அப்படிச் செய்ததில்லை.

அதன் பிறகு பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. சனிக்கிழமைகளில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். என்னடா என்று கேட்டதற்கு, "வச்சது வச்சபடி காப்பாத்தணும்னு குதிச்சது யாரு? நான்தானே. இன்னாத்தக் காப்பாத்தினேன்?" என்றாய். நான் சரித்திரம் கற்பிக்கிறவள். சிதைந்த கல்வெட்டைச் சிதைந்தபடியே படியெடுப்பதும் நேர்மைதான் என்று சொன்னேன். "கல்வெட்ட படிக்கிறவங்களுக்கு அது செதஞ்சதுன்னு தெரியும்கா. எனக்குத் தெரியலியே" என்றாய்.

கடைசியில் அவர்களே வீட்டுக்கு வந்தார்கள். காதர் பாய் உன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீ இல்லாம மொட்டை நல்லா இல்ல தம்பி."

"மொட்டைக்குத்தான் இப்ப முடி மொளச்சிட்சே, பாய்."

"மொளச்ச முடிய வாரிவுட ஆள் வாணாமா?"

நீ சிரித்தாய். மார்ட்டின் துரை கார்னெட்டை எடுத்து, விட்டுப்போன துண்டை மெதுவாக ஊதிக் காட்டினார். "இங்க கார்னெட்டும் டிராம்போனும்தான் பேசுது. உனக்கு ஒண்ணும் கிடையாது மேன். நீ சும்மா நிக்கணும், அவ்ளோதான்." இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாய். மறுபடியும் ஒரு தடவை. அவர்கள் போன பிறகு சொன்னாய்:

"அந்த மனுசன் அங்க நின்னு மூச்சு வாங்கிகினு இருந்திருக்கான்கா. அவன் மூச்சு வாங்கின எடத்தக் கீறல் தின்னுட்ச்சி. நான் மூச்சே வாங்காம தாவிகினு இருந்திருக்கேன்."

சிரிக்கப் பார்த்தாய், இருமல் விடவில்லை. உன் நெஞ்சு வியாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பட்டறைத் தூசி என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். "தெரியும்கா. நீ எப்பவும் கரீட்டாத்தான் சொல்லுவ." வெற்றிலை எச்சிலைத் துடைப்பதுபோல வாயைத் துண்டால் துடைத்து, துண்டை என் கண்ணில் படாமல் மடித்தாய். சிவப்பு எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நீ வந்தாய். வழக்கப்படி நான் ஊசியை வைத்தேன். வழக்கப்படி அது தாவியது, யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு நீங்கள் சரியானதை வாசித்தீர்கள். அந்த இடம் வந்ததும் கிளாரினெட்டைத் தாழ்த்திக்கொண்டு கண்ணை மூடி நின்றாய். மற்ற இரண்டும் பேசிக்கொண்டிருக்க, நீ மூச்சை இழுக்கும் சத்தம், ஓட்டை விழுந்த துருத்திபோல, கடைசி வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. பிறகு மேலே ஏறினாய், படி ஏறுகிறவன்போல நிதானமாக. தாவல்தான் இதைவிட அழகு. உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சொல்கிறேன். உனக்கும் அது தெரியும். தெரிந்தும், வாசித்தவன் வாசித்தபடி வாசித்தாய். அதற்குப் பிறகு நீ கிளாரினெட்டைத் தொடவில்லை. தொட முடியவில்லை.

நீ போன அன்று காலை மார்ட்டின் துரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் மொட்டையை வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். கிளாரினெட்டுக்கு வேறு ஆளை வைப்பதில்லை, உன் பங்கு காலியாகவே இருக்கட்டும் என்பதிலும் எல்லோரும் ஒன்று. ஒரு விஷயத்தில்தான் சண்டை. அந்தத் தாவல் அவனுடையது, அவன் சாவில் அதைத்தான் வாசிக்க வேண்டும் என்கிறார் மைத்துனர். காதர் பாயும் வாசலுக்கு வந்து சேர, மார்ட்டின் துரை என்னிடம் கேட்டார்.

"எது வாசிக்கணும், மிஸ்? பழையபடியா, சரியானதா? நீங்க சொல்லுங்க."

கிளப் விஷயத்தில் அதுவரை நான் அபிப்பிராயம் சொன்னதில்லை. எந்தக் கேள்வியானாலும் ஆதாரம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று நீ கேலி செய்வாய். அன்று கேட்கவில்லை.

"சரியானதையே வாசியுங்கள். அவன் அங்கே மூச்சு வாங்கட்டும்."

காதர் பாய் வாசல் பூவரச மரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

யுத்தம் முடிந்துவிட்டது. ஆவடி முகாமில் கொட்டகைகள் காலியாகின்றன. சுதந்திரம் வரப்போகிறது என்று ரயிலில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மார்ட்டின் துரையின் சொந்தக்காரர்கள் சீமைக்குக் கப்பலேறப் பார்க்கிறார்கள்; சனிக்கிழமை வாசிக்க அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் மட்டும் கேட்கிறார். கிளப் நடக்கிறது. கிளாரினெட்டுக்கு இன்னும் ஆளில்லை. நல்ல நிலையில் மொட்டையின் இன்னொரு தட்டு எங்காவது கிடைக்குமா என்று தேடலாம் என்றார் மைத்துனர். இது போதும் என்றேன்.

ஊசி வைப்பது இப்போதும் நான்தான். ஆனால் வைத்துவிட்டு இப்போது உட்காருவதில்லை. கிளாரினெட் அடியில் முனகத் தொடங்கியதும் குனிகிறேன். ஊசி கீறலைத் தொடுவதற்கு முன்னால் தூக்கிவிடுகிறேன். எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள். தட்டு சத்தமில்லாமல் சுற்றுகிறது. நீ ஒரு முழு மூச்சு இழுத்து விடுகிற நேரம் காத்திருந்து, கீறலுக்கு அந்தப் பக்கம் மெல்ல வைக்கிறேன். காதர் பாய் அப்போதெல்லாம் என் பக்கம் பார்க்காமல் டிரம்மின் தோலைத் தடவிக்கொண்டிருப்பார். அவர் எதைப் பார்க்காமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கை நடுங்குகிறது, தம்பி. ஆனால் தட்டில் இன்னொரு கீறல் விழ நான் விடவில்லை.