செப்டம்பர் தாள்

ஜனவரி 14, செவ்வாய்

பதினோரு வருடம் ஒரு மறைவிடத்தை நடத்தியவளுக்கு, இன்னொரு மறைவிடத்துக்குச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலையா? பெரிய வேலைதான் போலிருக்கிறது. ரோட்டர்டாமில் ரயில் பிடித்து, பேருந்து மாறி, நெதர்லாந்தின் மறுகோடியில், ஸேலண்ட் மாகாணத்தின் அந்தக் கடலோரக் கிராமத்துக்குப் போனால், பீட்டர்னெல் வாசலிலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக இருபத்திரண்டு வருடம் கூடார முகாம் நடத்தியவள். வருகிறவர்களை வரவேற்பதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். இங்கே வரவேற்கக் கூடாது தாயே, ஒளித்துவைக்க வேண்டும்!

வீட்டில் நான்கு பெண்கள். வேலை என்று அழைத்து வரப்பட்டு, விற்கப்பட்டு, போலீஸ் மீட்டவர்கள். என் பட்டியலில் நாற்பத்து மூன்று விஷயங்கள். பூட்டு, கேமரா, கைப்பேசி, குப்பையில் போடும் உறைகள் வரை பார்த்தேன். பதினேழு சரியில்லை. முதல் விதியை மூன்று முறை சொன்னேன்: உண்மைப் பெயர் இரும்பு அலமாரியை விட்டு வெளியே வரக் கூடாது. வீட்டுக்குள் எல்லோருக்கும் வேறு பெயர்.

“சரிங்க டீச்சர். இப்பவாவது காபி குடிப்பியா?” என்றாள். குடித்தேன். பிஸ்கட் ஒன்றுதான் கொடுத்தாள்.

ஜனவரி 28

லீனா என்று கூப்பிடப்படும் பெண் முதுகைச் சுவரில் வைத்துத்தான் உட்காருகிறாள். அல்பேனியாக்காரி, இருபத்து நான்கு வயது. உண்மைப் பெயர் டிரிதா. அவளை விற்றவன் காவலில் இருக்கிறான். ஜனவரி ஏழாம் தேதி வந்தாள். யோசிக்கச் சட்டம் கொடுத்த மூன்று மாதம் ஏப்ரல் ஏழாம் தேதி முடிகிறது. அதற்குள் அவள் வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அவன் வெளியே வருவான், இவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவனுடைய அம்மா வீடு இருக்கும் அதே தெருவுக்கு.

என்னிடம் அவள் பேசுவதில்லை. பீட்டர்னெலுடன் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறாள்.

பிப்ரவரி 11

சண்டை. வெந்நீர்க் கொதிகலன் கெட்டுப்போக, எனக்குச் சொல்லாமல் பீட்டர்னெல் பழுது பார்க்கிற ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். வெளி ஆண், பரிசோதிக்கப்படாதவன், இரண்டு மணி நேரம் வீட்டுக்குள்!

“கிழட்டு மனுஷன், என் முகாமுக்கு இருபது வருஷமா வர்றவர். பொண்ணுங்க குளிர்ல விறைச்சுச் சாகணும்ங்கறியா?”

“என்ன வீடுன்னு சொன்னீங்க?”

“விருந்தாளி தங்கற வீடுன்னு சொன்னேன். நான் என்ன அவ்வளவு முட்டாளா?”

முட்டாள் இல்லை. பிடிவாதம். அதுதான் இதைவிட ஆபத்து.

மார்ச் 4

லீனா என்னிடம் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டாள். “வாக்குமூலம்னா எவ்வளவு நேரம் ஆகும்?” சில நாள் ஆகும், இடையில் நிறுத்தலாம் என்றேன். “அழுதா?” அழலாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். ரயிலில் வரும்போது எனக்குள் ஏதோ துள்ளியது. ஒளிப்பானேன், சந்தோஷம்.

மார்ச் 11, செவ்வாய்

வரிசையாக எழுத வேண்டும்.

பதினொன்றரைக்குத் தபால் வந்தது. பில்களுக்கு நடுவே ஒரு வாழ்த்து அட்டை. நீல மையில், வீட்டு முகவரியோடு, ‘டிரிதாவுக்கு’. உள்ளே: ‘பிறந்தநாள் வாழ்த்துகள், நல்ல வருடமாக அமையட்டும்.’ அனுப்பியவர் பெயர் கிறுக்கலாக இருந்தது, படிக்க முடியவில்லை. இன்று அவளுக்குப் பிறந்தநாள்.

அவள்தான் முதலில் பார்த்தாள். அலறவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். அவன் கண்டுபிடித்துவிட்டான் — வேறு என்ன நினைப்பாள்? நானும் அதைத்தான் நினைத்தேன். போலீஸை அழைத்தேன். மற்ற மூன்று பேரையும் மாடிக்கு அனுப்பினேன். பிறகு பீட்டர்னெலைப் பிடித்துக்கொண்டேன்.

“யார்கிட்ட சொன்னீங்க? அவ பேரு எப்படி வெளிய போச்சு? அலமாரியைத் திறந்து போட்டீங்களா? சொல்லித் தொலைங்க!”

அவள் முகம் வெளுத்துவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில், வெளியாட்களுக்கான கழிப்பறைக்குப் போய், ஆணியிலிருந்து பிறந்தநாள் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மார்ச் 11: டிரிதா. மற்ற மூவரும் அவரவர் மாதத்தில், உண்மைப் பெயரோடு.

“பொய்ப் பேருக்கு யாராவது பொறந்தநாள் கொண்டாடுவாங்களா, வீட்ஸ்கே? வருஷத்துல ஒரு நாளாவது அவங்க பேரு அவங்களுக்கு இருக்கட்டும்னுதான்...”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையிலிருந்து பிடுங்கினேன். புரட்டினேன். செப்டம்பர் 30-இல் நின்றேன்.

வீட்ஸ்கே. என் பெயர். என் கையெழுத்து.

எப்போது? ஜனவரியில், முதல் நாளே. இந்த நாட்டில் கழிப்பறைச் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்காத வீடு ஏது? பக்கத்திலேயே நூலில் பென்சில் தொங்கும். போகிறவர்கள் தங்கள் பெயரை எழுதிவிட்டு வருவார்கள். நாற்பத்தேழு வருடமாக நானும் அப்படித்தான். எல்லாப் பெயர்களையும் தாண்டிப் புரட்டி என் பெயரை எழுதியிருக்கிறேன். கண்ணுக்கு நேரே இருந்தது, பார்க்கவே இல்லை. பட்டியலில் நாற்பத்து மூன்று விஷயம். நாற்பத்து மூன்று!

பிறகு நான் செய்தது. பீட்டர்னெல் குளியலறைக் கதவருகே போனாள். நான் செப்டம்பர் தாளைக் கிழித்து என் பையில் வைத்துக்கொண்டேன். போலீஸ் வந்ததும் மிச்சத்தைக் கொடுத்தேன். நாலு மணிக்கு டிரிதாவை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 12

தாள் பையில்தான் இருக்கிறது.

மார்ச் 14

அனுப்பியது கொதிகலன் ஆள். அவர் பெண்ணுக்கும் மார்ச் 11. எந்த வீட்டுக் கழிப்பறைக்குப் போனாலும் அந்தத் தேதியைப் புரட்டிப் பார்ப்பாராம். “பீட்டர்னெல் வீட்டுப் புள்ள, ஊரு விட்டு ஊரு வந்திருக்கே, ஒரு அட்டை போடலாம்னு பெண்டாட்டி சொன்னா” என்று போலீஸிடம் அழுதிருக்கிறார். சோதித்துவிட்டார்கள். ஆபத்து இல்லை.

ஆபத்து இல்லையா? டிரிதா நம்பவில்லை. வாக்குமூலம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். “பூட்டு பூட்டுன்னு உயிரை வாங்கினாங்க. கடைசில என் பேரைக் கக்கூஸ்ல மாட்டி வச்சிருக்காங்க.” போலீஸ்காரர் இதை அப்படியே ஒப்பித்தார். இன்னும் இருபத்து நான்கு நாள்.

மார்ச் 18

இந்த வீடுகளை நடத்தும் நிர்வாகக் குழு பீட்டர்னெலை நீக்கப் பார்க்கிறது. என் அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். ‘நடைமுறைப் பயிற்சியைப் பொறுப்பாளர் பின்பற்றவில்லை’ என்று முதல் வரி எழுதினேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மதியம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: “நீ கிழிச்சதைப் பார்த்தேன்.”

தட்டைக் கீழே வைத்தேன். “குழுகிட்ட சொல்லலையா?”

“எதுக்கு? எழுதினது என் தப்பு. கிழிச்சது உன் விஷயம். அந்தத் துணியை இப்படிக் குடு, ஈரமாயிடுச்சு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 25

டிரிதாவைப் பார்க்க அனுமதி கிடைத்தது. புதிய இடத்திலும் முதுகு சுவரில். தாளை எடுத்து மேசையில் வைத்தேன். எங்கே தொங்கியது, எப்போது எழுதினேன், ஏன் கிழித்தேன் — எல்லாம் சொன்னேன். பயிற்சியெல்லாம் கொடுத்த வாய், திக்கித் திணறிற்று.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பீட்டர்னெல் அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. குளியலறைக் கதவுக்கு வெளிய தரையில உக்காந்துகிட்டு. ‘நான்தான் எழுதினேன், அவன் இல்ல, நான்தான்’னு. ஒரு மணி நேரம். உங்க பேரையே எடுக்கல.” தாளை என் பக்கம் தள்ளினாள். “உங்களுக்கு ரெண்டு வாரம் ஆயிருக்கு.”

“ஆமாம்.”

“பயந்துட்டீங்களா?”

“ஆமாம்.”

“எதுக்கு?”

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன் — உயிருக்குப் பயப்படுகிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை. வாக்குமூலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கில்லை.

மார்ச் 27

முதல் வரியை அடித்துவிட்டு அறிக்கையை எழுதினேன். தாளை இணைத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 1

குழுத் தலைவர் தொலைபேசியில்: “நீங்களே இப்படின்னா, வீட்ஸ்கே...” வாக்கியத்தை முடிக்கவில்லை. பீட்டர்னெல் நீடிக்கிறாள். நான் பயிற்சி கொடுக்க வேறு வீடுகளுக்குப் போக வேண்டாமாம், இப்போதைக்கு. அழுதேன். பிறகு பட்டாணி சூப் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

டிரிதாவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஆறு நாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பீட்டர்னெல் கூப்பிட்டாள். நான் “என்ன” என்பதற்குள் கத்தினாள்: “குடுக்கறாளாம்! திங்கக்கிழமை காலைல! போலீஸ்ல சொல்லிட்டாளாம்!”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“வெளிய காத்திருக்க ஆள் வேணுமாம்” என்றாள். குரல் தணிந்தது. “என்னை வரச் சொல்றா.”

ஒரு கணம் வலித்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வலித்தது. “போங்க. போகாம?” என்றேன்.

“வீட்டை யார் பாத்துக்கறது? மூணு பொண்ணுங்க இருக்கு. குழு அனுப்பற ஆளுங்களை எனக்குத் தெரியாது.” அப்புறம்: “நீ வர்றியா?”

ஏப்ரல் 7, திங்கள்

ஏழரைக்கே போய்விட்டேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் எனக்கு ஒரு சீட்டு: ‘கதவை மூணு தடவை ஆட்டிப் பாக்காதே, பொண்ணுங்க பயப்படுது. ரொட்டி பத்தரைக்கு. கேள்வி கேக்காதே, பக்கத்துல உக்காரு.’ கதவை ஒரு முறைதான் ஆட்டினேன். பத்தரைக்கு ரொட்டி வைத்தேன். மூன்று பெண்களில் இளையவள் உருளைக்கிழங்குக் கூடையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். உரித்தோம். என் தோல் தடிமனாக வந்தது. அவள் என் கையிலிருந்து கத்தியை வாங்கி எப்படி உரிப்பது என்று காட்டினாள்.

பன்னிரண்டு. இரண்டு. மூன்றரை. தொலைபேசி அடிக்கவில்லை. நிறுத்திவிட்டாளோ? எழுந்து போய்விட்டாளோ?

ஐந்தே காலுக்கு பீட்டர்னெல் வந்தாள். கோட்டைக் கழற்றாமலே மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஆறு மணி நேரம்” என்றாள். “நடுவுல ரெண்டு தடவை வெளிய வந்தா. தண்ணி குடிச்சா. திரும்ப அவளே கதவைத் திறந்து உள்ள போனா.”

“முடிஞ்சிடுச்சா?”

“பாதிதான். நாளைக்கும் இருக்கு. நீ வருவேல்ல?”

ஏழரைக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.