பத்மாவுக்குக் கொண்டுபோன மருந்து

செஞ்சி, 1964, ஐப்பசி அமாவாசை.

நான் வாயைத் திறந்தால் ராஜகிரி மலையே குலுங்கிச் சிரிக்கும். தன் கைக்குழந்தை இறந்ததிலிருந்து அக்காள் மகள் பத்மா மட்டும் சிரிப்பதில்லை.

நாட்டு வைத்தியர், "வாதம் ஏறிப்போச்சு. சூரணத்தைத் தேன்ல குழைச்சுக் குடுங்க, மனசு தானா மலரும்" என்றார். இங்கிலீஷ் டாக்டரோ, "சந்தோஷம் மூளையில இருக்குது. படுக்கறப்ப ஒரு மாத்திரை, தண்ணியோட" என்றார்.

இரண்டையும் இன்று அவள் வாழ்க்கைப்பட்ட தொண்டூருக்குத் திக்விஜயம் முடித்த மன்னனைப் போல் கொண்டுபோனேன். அவள் மாமியார் சிரித்தேவிட்டாள்.

"இன்னா தம்பி, நீங்களும் ஜைனருதானே? தேனைத் தொடலாமா? பொழுது சாஞ்சா தண்ணி ஏது?"

அவசரத்தில் மறந்து தொலைத்தேன். தேனீக்கு இரங்கும் வீட்டில் இவளுக்கு இரங்க ஆளில்லை.

மூன்றாவது மருந்து நானே. மேல்மலையனூர்க் கோயில் அமாவாசைக் கூட்டம் என்னைத் தலைக்குமேல் தூக்கி பஸ்ஸுக்குள் எறிந்த கதையை அளந்தேன். பத்மா நிமிர்ந்தாள்.

"மாமா, எல்லாரும் என்னைச் சிரிக்க வைக்கவே பாக்குறீங்க. எம் புள்ள பேரை ஒருத்தராவது சொல்றீங்களா?"

மலையைக் குலுக்கும் வாய் திறக்கவே இல்லை. அடுத்த பஸ்ஸில் ஓடிவந்துவிட்டேன்.

இந்த நாட்குறிப்பில் எழுத மட்டும் அந்தப் பெயர் வருகிறது. சுமதி. சுமதி. இது பத்மாவுக்கு எங்கே கேட்கப்போகிறது?