ஆடுகிற கப்பலே போதும்

ஆவணி அமாவாசை, 1966

இன்று தறிக்கு விடுமுறை. அதனால் நானும் வீட்டுக்காரரும் பஸ் பிடித்து மெட்ராஸ் போய், பினாங்குக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து வந்தோம். அங்கே என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மூன்று பிள்ளைகளோடு போகிறோம்.

கப்பல் ஆபீசில் இரண்டு கப்பல் சொன்னார்கள். பெரியது அவ்வளவாக ஆடாதாம். ஆனால் அதில் ஆம்பளைக்கு ஒரு ஹால், பொம்பளைக்கு ஒரு ஹால். பெரியவன் ராத்திரியில் என்னைத் தேடினால் என்ன செய்வான்? சின்னதில் குடும்பத்தோடு ஒரே இடத்தில் பாய் விரித்துப் படுக்கலாம். எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

"சின்னக் கப்பல் ரொம்ப ஆடும்மா. புள்ளைங்க தாங்காது" என்றார் குமாஸ்தா. இவரும் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க புள்ளைங்க தூளிக்கயிறு தறி மிதிக்கிற கட்டையிலதான் சார் கட்டியிருக்கும். நான் நெய்ய நெய்ய ஆடிக்கினே தூங்குங்க. நின்னாத்தான் அழுவுங்க" என்றேன். குமாஸ்தா சிரித்துக்கொண்டே சின்னதுக்கு டிக்கெட் எழுதினார்.

வரும் வழியெல்லாம் இவர் முகம் சரியில்லை. "கடலும் தறியும் ஒண்ணாமா?" என்று முணுமுணுத்தார்.

இப்போது தறி ஓடவில்லை, கைக்குழந்தை தூங்க மாட்டேன் என்கிறான். தூளிக்கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். கை மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டிருந்தவர் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தக் கப்பல் தானாவே ஆடும் இல்ல?"