கண்வலின்னு சொன்ன பொய்

1946, ஆவணி 9, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். மாதா கோயில் பூசையில எங்க கல்யாண ஓலை, முதல் வாசிப்பு. இன்னும் ரெண்டு ஞாயிறு வாசிச்சாத்தான் கல்யாணம். "தடை தெரிஞ்சவங்க சொல்லணும்"னார் சாமியார். எனக்குத் தெரியும். சொல்லல.

இடது மேலிமையில செக்கச்செவேல்னு ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு. ஏழு மாசமா. பொண்ணு பாக்கப் போனப்ப கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, "கண்வலிங்க"ன்னு வாய் கூசாம சொன்னேன். பண்றது வாத்தியார் உத்தியோகம். தூ!

ஆவணி 12, புதன்

ரேஷன் சீனி இன்னும் வரல. அஞ்சாம் வகுப்பு நோட்டு திருத்தாமக் கெடக்கு.

மாமனாராகப் போறவர் வந்தார். மூணு மைல் நடை. வாழையிலையில நந்தியாவட்டைப் பூ. "கண்ணுல ஒத்திக்குங்க மாப்ளே, குளுமை. ஒங்க கண்ணு தேறுற வரைக்கும் உப்பில்லாம சாப்பிடுறதா எம் பொண்ணு ஜெசிந்தா, மாதாவுக்கு நேர்ந்திருக்கு."

வாங்கிக்கிட்டேன். சந்தோசம்னு வேற சொன்னேன். மனுசனா நான்?

கட்டி போயிட்டா பொய்யும் போயிடும். மருவாத்தான் இருக்கும். குதிரைமுடி கட்டுனா உதிரும்பாங்க. ஜட்காக்காரர்கிட்ட ஒரு முடி கேக்கணும்.

ஆவணி 16, ஞாயிறு

ரெண்டாம் ஓலை. முடி கட்டி மூணு நாள். உதிரல, வீங்கிக் கெடந்துச்சு. முழந்தாள் போட்டுக் குனிஞ்சேன், பொத்துக்கிட்டு ரத்தம். கன்னம், சட்டையெல்லாம். பொம்பளைங்க பக்கம் "ஐயோ சேசுவே!" மாமனார்தான் ஓடியாந்து, கண்ணாடியைக் கழட்டி, துண்டால அழுத்திப் பிடிச்சார். பாத்துட்டார்.

ஆவணி 18, செவ்வாய்

அரியலூர்ல ரயிலேறி திருச்சி. மாமனாரும் கூட. கண்ணு டாக்டர்: "மரு இல்ல. ரத்தக்குழாய் திரண்ட கட்டி. பச்சப்புள்ளைங்களுக்கு வரும், பெரியவங்களுக்கு அபூர்வம். கெடுதல் இல்ல, யாருக்கும் ஒட்டாது. முடி கட்டச் சொன்ன முட்டாள் யாரு?" நான்தான்.

"எத்தனை நாளா இருக்கு?"

மாமனார் பக்கத்துலயே நிக்கிறார். "ஏழு மாசமாங்க."

அறுத்துத் தையல் போட்டாச்சு. அரியலூர்ல இறங்குனதும் அவர், "கட்டி கெடக்கட்டும் சார். எம் பொண்ணு எதுக்கு உப்பில்லாம சாப்பிட்டா?"

மாப்ளேன்னு கூப்பிடல. நானே வந்து ஜெசிந்தாகிட்ட சொல்றேன்னேன். "வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

ஆவணி 23, ஞாயிறு

மூணாம் ஓலை நாள். தூறல். கண்ணாடி போடாமப் போனேன், தையல் தெரியட்டும்னு. சாமியார் ஓலையை எடுத்தார். வேற ரெண்டு ஜோடி பேரை வாசிச்சார். மடிச்சு வச்சுட்டார்.