பூபதி வீட்டு அடுப்பு

கோட்டைக்குப்பம், ஆவணி மாதம்.

என் மகன் பூபதிக்கு அம்மா எழுதுவது. கொழும்பில் நீ காய்ச்சல் எல்லாம் தீர்ந்து நல்லபடி நடமாடுகிறாய் என்று அங்கிருந்து கப்பலில் வந்த நம் ஊர்த் தானியேல் சொன்னான், கங்கையம்மன் காப்பாற்றினாள். நானும் இருக்கிறேன். கண் கொஞ்சம் மங்கல், வாய் மட்டும் மங்கவில்லை என்று ஊர் சொல்கிறது. ஊர்த்தலைவர் நாட்டார் வீட்டுக் கணக்கன் இந்த ஓலையை எழுதித் தருகிறேன் என்று வந்தான், வேண்டாம் போ என்றேன். கோயில் சுவரைப் பார்த்து மணலில் கீறிப் பழகிய எழுத்து என்னுடையது, கோணலாக இருந்தாலும் என் பிள்ளைக்கு நான் சொல்வதை இன்னொருவன் கையால் அனுப்பமாட்டேன்.

உன் ஓலை வந்தது. கப்பலில் கயிற்று மூட்டைகளோடு கிடந்து நனைந்து வந்ததைத் தானியேல் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதில் நீ, கொழும்பில் ஏரிப் பக்கம் எங்களுக்கு ஒரு மனை பார்த்திருக்கிறேன் அம்மா, கையில் இருப்பது கொஞ்சம்தான், கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நிலத்தில் எப்படிக் கால் வைப்பது, நீதான் செய்து காட்டினவள், சொல்லு, குப்பத்து வீட்டை விற்று அனுப்பினால் அதையே முன்பணமாகக் கட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை முறை படித்தாலும் எங்களுக்கு என்ற இடத்தில் கண் நின்றுவிடுகிறது. எங்களுக்கு என்றால் யாருக்கு என்று தானியேலைக் கேட்டேன், அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டு, அது வந்து பெரீம்மா, நல்ல பொண்ணுதான், எலிசபெத்துன்னு பேரு, மாதா கோயில்ல கைபுடிச்சான்னு முணுமுணுத்தான். உன் கல்யாணத்தை மீன் வாங்க வந்த நாலு பேர் நடுவில் ஊரான் பிள்ளை வாயால் கேட்டேன். அதற்குமேல் அன்றைக்கு நான் மீன் விற்கவில்லை, கூடையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ விற்கச் சொல்லும் வீடு எப்படி வந்தது என்று கொழும்புக் காற்றில் மறந்திருப்பாய். உன் நைனா கடலோடு போனபோது நம் ஏரியில் வலை போட அவருக்கு இருந்த முறை, அந்தப் பாடும் அவரோடு போயிற்று. எந்தத் துறையில் எந்த நாள் யார் வலை போடுவது என்று பானையில் ஆளுக்கொரு கட்டை போட்டுக் குலுக்கி எடுக்கிற ஊர் இது, ஓர் ஆண்பிள்ளை பெயரில் அடுப்பெரியும் வீடு இருந்தால்தான் அந்தப் பெயருக்கு ஒரு கட்டை. நாம் இருந்தது உன் மாமன் சீனிவாசன் வீட்டு ஓரத்தில், அவன் பெயருக்குக் கட்டை உண்டு, உன் பெயருக்கு ஏது? அதனால்தான் ஓதம் ஏறி நிற்கும் அந்தப் பள்ளத்தை வாங்கினேன். விற்றவனே சிரித்துக்கொண்டுதான் விற்றான். கோட்டை வாசலில் மீன் விற்றுவிட்டுச் சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கமாகத் திரும்புவேன், அவர்கள் கழித்துக் கொட்டிய உடைந்த கிளிஞ்சலை மீன் கூடையில் அள்ளிக்கொண்டு வருவேன். தேவகி மீனை வித்துட்டு கிளிஞ்ச ஓட்டை வாங்கியாறா பாருங்கடி, கொழம்பு வைப்பாளோன்னு கேலி செய்தார்கள். என் கூடை ஒரு நாளும் வெறுமையாக வீடு திரும்பவில்லை. நீயும் சின்னப் பானையில் சேறு சுமந்தாய். பள்ளம் மேடாயிற்று, பனங்கை போட்டுக் கீற்று வேய்ந்தோம், உன் பெயரில் அடுப்பு மூட்டினேன், உன் கட்டை பானையில் விழுந்தது. அந்த வருஷமே நீ ஒல்லாந்தர் கும்பனிக் கப்பல் ஏறினாய்.

நீ போன பிறகும் நான் விடவில்லை. இரவு மாமன் வீட்டில் படுத்தாலும் விடிந்ததும் அங்கே நடந்து போய் உன் அடுப்பில்தான் உலை வைத்தேன். உனக்குப் பதிலாக மாமன் வலை இறக்கினான், பாதி மீன் அவனுக்கு, பாதி நமக்கு, ஊரும் ஒத்துக்கொண்டது. அப்போதுதான் உன் முதல் ஓலை வந்தது. ஒல்லாந்தர் வீடுகளை எல்லாம் பார்த்துவிட்டு நீ எழுதியது, வீட்டைச் சும்மா பூட்டி வைப்பது முட்டாள்தனம் அம்மா, குடிவை, குடிக்கூலியைச் சேர்த்துப் பக்கத்துப் பள்ளத்தை வாங்கு, அதில் ஒரு குடி, அதை வைத்து அடுத்தது, கொஞ்சத்தில் தொடங்கித்தான் இங்கே எல்லோரும் தெருத் தெருவாக வாங்கியிருக்கிறார்கள், இரண்டு வீடு ஆகட்டும் நான் வந்துவிடுகிறேன் என்று. வீடு பூட்டிக் கிடக்கவில்லை, அடுப்பெரிகிறது என்று அன்றைக்கே பதில் எழுதினேன். அதற்கு நீ திரும்ப எழுதினதும் ஞாபகம் இருக்கிறது, அடுப்பு எரிந்தால் காசு வருமா என்று கேட்டிருந்தாய். நான் வருகிறேன் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் குடிவைத்தேன், குடிக்கூலிக்காக இல்லை. சீலையில் பூ எழுதும் வீரராகவன் பெண்டாட்டியோடு வந்தான். நல்ல மனுஷன், கொடுக்க வேண்டியதை நாள் தவறாமல் கொடுத்தான், அவன்மேல் குறை சொல்லமாட்டேன்.

தை மாதம் கட்டை எடுக்கும் நாள் ஊர் கூடியிருந்தது. நாட்டார் அர்ஜுனன் உன் கட்டையை மட்டும் பானையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். பூபதி வூட்டு அடுப்புல யார் ஒலை கொதிக்குதுன்னு ஊருக்கே தெரியும் தேவகி, சீலை எழுதறவன் சோறாக்குற வூட்டுக்கு ஏரில இன்னா பாடு என்றார். ஒலை யாருதா இருந்தா இன்னா, அடுப்புக் கல்லு எம் புள்ளையுது என்றேன். கல்லு போயி வலை போடுமான்னு ஒருத்தன் பின்னாலிருந்து கேட்டான், ஊரே சிரித்தது, உன் மாமனும் சிரித்தான், அதை நான் மறக்கவில்லை. பொம்பளை இங்க பேசக் கூடாதுன்னு சொன்னார்கள். ஆம்பளை கொழும்புல இருக்கான், கூட்டியாங்க பேசட்டும் என்று சொல்லிவிட்டு நின்றேன். நின்று என்ன, உன் பெயர் போனது போனதுதான். குடிவைத்தால் பாடு போகும் என்பது வேறு எந்த ஊரில் உண்டு? கொழும்பில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்ட உனக்கு அது தோன்றவில்லை.

பாடு போனாலும் குடிக்கூலியாவது நிற்கும் என்று பார்த்தால் அதுவும் நிற்கவில்லை. கோட்டையில் இருந்த கும்பனியின் பெரிய துரை தட்டுமுட்டோடு நாகப்பட்டினத்துக்கே போய்விட்டார், இனி அதுதான் தலைமை இடமாம். துரை போனதும் வியாபாரிகள் போனார்கள், வியாபாரி பின்னால் சீலைக்காரர்கள். வீரராகவன் சாயப் பானைகளை வண்டியில் கட்டிக்கொண்டு, தப்பா நெனைக்காதீங்கம்மா, தொழில் போற எடத்துக்குப் போகணும்ல என்று கும்பிட்டான். கோட்டையை ஒட்டிய தெருவில் மாடிவீடுகளே பூட்டிக் கிடக்கின்றன, மீன் வாங்கவும் முன்போல ஆளில்லை. அவன் போன அன்றைக்கே நான் பாயைச் சுருட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டேன், சாயப் புளிப்பு நாற்றம் போகக் கழுவி, அடுப்புக்கல்லைப் புதிதாகப் பூசி, உலை வைத்தேன். நாட்டாரிடம் மறுபடி போனேன். அவர் கொஞ்சம் இரங்கினார். அழிஞ்ச பேரை ஏத்தணும்னா பேருக்குடையவனே வந்து நிக்கணும், தைக்குள்ள அவன் வந்து ஒரு தடவை ஏரில எறங்கட்டும், அப்புறம் பழையபடி மாமன் போட்டுக்கட்டும், வரலைன்னா இனிமே அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொன்னார். இதை உனக்கு எழுத ஓலை நறுக்கி வைத்திருந்தேன். அப்போதுதான் தானியேல் உன் ஓலையோடு வந்தான்.

உன் கேள்விக்குப் பதிலே எழுதக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். என் பிள்ளை அயலூரில் வேர்விட நானே பள்ளம் தோண்டிக் கொடுப்பதா? ஆனால் நீ ஏமாந்து நிற்கிறாய் என்று இன்னொரு நாள் கேட்க எனக்குத் தெம்பில்லை, அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். வெயில் காலத்தில் மனை பார்க்காதே, வெயிலில் எல்லா மனையும் மேடுதான், அடைமழையில் போய் நின்று பார். விற்கிறவனிடம் எதையும் கேட்காதே, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேள், கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார். கையில் கொஞ்சம் இருந்தால் கொஞ்சமாகவே வாங்கு, பல்லக்கு போகிற தெருவில் ஆசை வைத்துக் கடன்படாதே, எவனும் வேண்டாம் என்ற இடத்தை வாங்கி உன் முதுகால் மேடாக்கு, காசில்லாதவனுக்கு முதுகுதான் முதல். கும்பனி இருக்கிறது என்று நம்பி வாங்காதே, நங்கூரம் போட்டவன் ஒரு நாள் அதை எடுப்பான், அவன் போன பிறகும் உனக்கு அந்த மண்ணில் பிழைப்பு உண்டா என்று யோசி. குடிவைக்கும் முன் அந்த ஊர் வழக்கத்தைக் கேள். அடுப்பெரிகிறது என்று நான் அன்றைக்கே உனக்குச் சொன்னேன், நீ கேட்கவில்லை.

வீட்டை நான் விற்கமாட்டேன். நாட்டாரின் மச்சான் வலை காயப்போட இடம் வேண்டும் என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான், வாசலோடு அனுப்பினேன். உன் பெயரில் கிடக்கிற மண், விற்கவேண்டும் என்றால் நீயே வந்து, நாட்டார் முன்னால் நின்று, உன் வாயால் விற்றேன் என்று சொல்லி விற்றுக்கொள். நான் தடுக்கமாட்டேன், பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அதற்காகவாவது வா. வருவது தைக்கு முன் இருக்கட்டும்.

தானியேல் கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பது உன் கட்டை, உன் நைனா வலையின் மிதப்பிலிருந்து அறுத்து நான் அடையாள வெட்டுப் போட்டது, நாட்டார் மடியிலிருந்து கேட்டு வாங்கினேன். என் கையால் அதைப் பானையில் போட முடியாது, வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. வருவதானால் கொண்டு வா. வராவிட்டால், அங்கே மனை வாங்கி வீடு கட்டும்போது அடுப்புக்கல்லுக்கு அடியில் புதைத்துவிடு, கடலுக்கு அந்தப் பக்கமாவது உன் நைனா பெயருக்கு ஓர் அடுப்பு எரியட்டும். ஆனால் புதைத்தேன் என்று எனக்கு எழுதாதே.

மருமகள் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் அந்தப் பெண் உனக்கு வாய்க்கு ருசியாகச் சோறு போடுகிறாளாம், அவளும் நன்றாக இருக்கட்டும். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், எந்த மண்ணில் இருந்தாலும் அந்த மண் உங்களைத் தள்ளாமல் வைத்துக்கொள்ளட்டும். ஈரத் தலையோடு தூங்காதே, உனக்குச் சளி பிடிக்கும். தானியேலின் கப்பல் திரும்ப இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, நீ படித்து முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும், பிறகு தைக்கு அதிக நாள் இல்லை, அதை மட்டும் மறக்காதே. நான் தினமும் உலை வைக்கிறேன்.

பூபதி வீட்டிலிருந்து,
உன் அம்மா தேவகி.